இருபத்தொன்றாவது நாற்காலி

ஐயா,

நீ நன்றாக இருக்க வேண்டும். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இதற்குக் கீழே நான் எழுதப்போவதில் அது கண்ணுக்குத் தெரியாது. எழுதுகிற கை உன்னைப் பெற்றவளுடையதுதான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே. உன் அப்பா அப்படித்தான் செய்வார். பிடிக்காத கடிதத்தைப் பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'அப்புறம் பாப்போம்' என்பார். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

நீ அனுப்பிய உறை திங்கட்கிழமை வந்தது. கல்யாணப் பத்திரிகையின் மாதிரி இருந்தது. சிவப்பில் அச்சடித்தால் போதும், தங்க எழுத்து வேண்டாம். அதைப் பற்றி உன் மாமாவும் நானும் பேசி முடிவு செய்துகொள்கிறோம். பத்திரிகைக்கு அடியில் இரண்டு தாள் வைத்திருந்தாய். ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் கோமதியின் பெயர். இன்ன கம்பெனிக்கு டைரக்டராக இருக்கச் சம்மதிக்கிறேன் என்று இங்கிலீஷில் டைப் அடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. கூடவே நீ எழுதியிருந்தாய்: 'முதலாளிக்கு இருபது கம்பெனி நிறைந்துவிட்டது அம்மா. சட்டப்படி அதற்கு மேல் அவர் டைரக்டராக இருக்க முடியாது. நம்பிக்கையான ஆள் இரண்டு பேர் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நம் குடும்பத்தையே கேட்டது பெரிய விஷயம். வெறும் கையெழுத்துத்தான். கோமதியிடமும் வாங்கி அனுப்பிவிடுங்கள்.'

வெறும் கையெழுத்து. அந்த வார்த்தையைப் பார்த்ததும் அடுப்பில் இருந்த குழம்பை இறக்கிவைத்துவிட்டேன். கொல்லைப்புறத்தில் போய் நின்றேன். பிறகு திரும்பி வந்து கோமதியின் தாளை இன்னொரு முறை பார்த்தேன். தாலி கட்ட இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் அவள் பெயருக்கு முன்னால் மிஸஸ் என்று அடித்திருக்கிறாய். பெயருக்குப் பின்னால் உன் பெயர். என் அண்ணன் மகளை நீ மனைவியாக்குவதற்கு முன்னாலேயே டைரக்டராக்கப் பார்க்கிறாய். மாப்பிள்ளை வீட்டுச் சீர் இதுதானா என்று சிவகிரியில் அண்ணன் வீட்டில் கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

நீ கணக்குப் படித்தவன், கம்பெனிச் சட்டம் படித்தவன். உனக்கு நான் என்ன சொல்லித் தரப்போகிறேன் என்று நினைப்பாய். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் நான் ஏழு வருஷம் டைரக்டராக இருந்தவள். அது உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டோம், நானும் உன் அப்பாவும்.

அம்பத்தாறில் அந்தச் சட்டம் வந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உன் அப்பா தென்காசி ஆபீசில் தலைமை கிளார்க். அவருடைய முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் சொல்லும், நானும் அப்படியே எழுதுகிறேன். அண்ணாச்சி பஞ்சாலையிலும் இருந்தார், பஸ் கம்பெனியிலும் இருந்தார், தேயிலையிலும் இருந்தார். பெயர்ப்பலகை மாட்டிய இடமெல்லாம் அவர் டைரக்டர். மொத்தம் இருபத்தேழு. ஒரு ஆள் இருபதுக்கு மேல் இருக்கக் கூடாது, இரண்டு மாதத்துக்குள் எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. உன் அப்பா அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "சர்க்கார்க்காரன் என்ன சட்டம் போட்டாலும் அண்ணாச்சி அதுக்கு மேல ஒண்ணு வச்சிருக்காவ. ஏழு கம்பெனிக்கும் ஆளு வேணும். ஒம் பேரையும் சொல்லிட்டு வந்திருக்கேன்."

எதை விட்டார் அண்ணாச்சி? எதையும் விடவில்லை. ஏழு கம்பெனியில் தன் பெயரை எடுத்துவிட்டுத் தன் ஆட்களின் பெயரைப் போட்டார். அவருடைய செத்துப்போன தம்பியின் சம்சாரம், சமையற்காரரின் மனைவி, காரோட்டி, நான், இப்படி. ஆண்களில் பாதிப் பேருக்காவது தாங்கள் எதில் மாட்டியிருக்கிறோம் என்று அரைகுறையாகத் தெரிந்திருக்கும். பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எனக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு டீச்சர் என்னைப் பாராட்டியிருக்கிறாள். அதனால்தான் பஸ் கம்பெனியை என் தலையில் கட்டினார்கள். அந்த வட்டாரத்து ஆபீசர்கள் பார்க்கிற கம்பெனி அது, எல்லாம் கைநாட்டாகவே இருந்தால் நன்றாக இருக்காதாம்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எதிர்வீட்டுக்காரியிடம் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் கண்ணை அகல விரித்து, "ஏட்டி, டைரக்டரா, எந்தப் படத்துக்கு?" என்று கேட்டாள். அன்று முழுக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு சட்டினி அரைக்கப் போனாலும், "டைரக்டரம்மா வாராவ, அம்மிய ஒழிச்சுக் குடுங்க" என்பாள். நானும் ரசித்தேன். ஏழு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் எத்தனை பஸ் ஓடுகிறது என்று ஒரு நாள் கூட நான் கேட்டதில்லை. குற்றாலம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டு கிடைக்கும், அது ஒன்றுதான் கம்பெனியைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. வருஷா வருஷம் சாரல் தொடங்கியதும் அண்ணாச்சி குற்றாலத்துப் பங்களாவுக்கு வந்துவிடுவார். கம்பெனிக் கூட்டங்களும் அங்கேயே வந்துவிடும். ஆனி மாதத்தில் ஒரு நாள் எங்களை வேனில் அழைத்துப் போவார்கள். முன்பக்கம் ஆண்கள். அங்கே நடப்பது உன் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். திறந்த வராந்தாவில் அவர்களை வரிசையாக மணை போட்டு உட்கார வைத்து, அருவிக்கரை ஆட்கள் முதுகில் படபடவென்று அடித்து எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். எண்ணெய் காதில் இறங்க இறங்க, அந்த டைரக்டர்கள் ஒரு கையில் பேனாவோடு இன்ன மில், இன்ன எஸ்டேட் என்று உன் அப்பா நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கூட்ட நடவடிக்கை எழுதுகிற மினிட் புஸ்தகங்களில் நல்லெண்ணெய் விரல் பதியாத பக்கமே கிடையாது. உன் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து முகப்பவுடர் தூவி எண்ணெயை எடுப்பார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நான் வீட்டில் பவுடர் வாங்குவதே இல்லை.

பெண் டைரக்டர்களுக்கு எண்ணெயும் கிடையாது, கூட்டமும் கிடையாது. எங்களுக்கு அடுக்களை. அறுபது பேருக்குச் சாப்பாடு, சொதிக் குழம்பு வைக்க வேண்டும். நான் அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். அண்ணாச்சியின் தம்பி சம்சாரம் தேங்காய்ப்பால் பிழிவாள். சமையற்காரரின் மனைவி உள்ளி உரிப்பாள். மூன்று பேரும் ஒரே பஸ் கம்பெனியின் டைரக்டர்கள். உள்ளி உரிக்கிறவள் ஒரு நாள், "நாம மூணு பேரும் இங்கன ஒரே எடத்துல இருக்கமே, இதுதான் மீட்டிங்கா மதினி?" என்று கேட்டாள். கேட்டவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக் கேட்டாள்.

அறுபதாம் வருஷத்து ஆனியில் உன் அப்பா அடுக்களைக்குள் வந்தார். கையில் பஸ் கம்பெனியின் மினிட் புஸ்தகம். வேட்டி முழங்காலுக்கு மேலே, அவசரம். "இந்த மூணு பக்கத்துலயும் அடியில போட்டுரு. மேல எழுத வேண்டியத அப்புறம் எழுதிக்கிடுதேன்" என்றார். பக்கங்கள் வெறுமையாக இருந்தன. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, டீச்சர் பாராட்டிய கையெழுத்தை மூன்று முறை போட்டேன். ஈரம் பட்டு ஒரு இடத்தில் மை பரவிவிட்டது. அவர் அதற்குத்தான் கோபப்பட்டார். வேறு எதற்கும் நாங்கள் இரண்டு பேரும் கோபப்படவில்லை.

இப்போது சுடலைமுத்து. உனக்கு அவரை நினைவிருக்கும். தென்காசி குற்றாலம் பஸ் ஓட்டிய ட்ரைவர், நம் தெரு முனையில் ஹாரன் அடித்து நிறுத்துவார். நீ பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போகிற அன்று உன் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டியது அவர்தான். அந்த ஆனி மாதம் முழுக்க அவருடைய பஸ்ஸில் பிரேக் சரியில்லை. ஆபீசில் சொன்னார். பிறகு எழுதிக் கொடுத்தார். ஆபீசில் எழுதிக் கொடுத்தால் தொலைந்துபோகிறது என்று ஒரு நாள் நம் வீட்டுக்கே வந்தார். உன் அப்பா இல்லை. "அம்மா, இத சார் கையில குடுத்துருங்க. பிரேக்கு நிக்க மாட்டங்கு. சீசன் கூட்டம், புள்ளைய குட்டியள ஏத்திட்டுப் போறேன், பயமா இருக்கு" என்றார். நான் அந்தக் காகிதத்தை வாங்கினேன். என் கையால் உன் அப்பாவின் மேசையில் வைத்தேன். அவர் வந்து படித்தார், பாதியில் மடித்தார், பையில் வைத்தார்.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம் பஸ் பழைய குற்றாலம் போகிற இறக்கத்தில் நிற்கவில்லை. சுடலைமுத்து பள்ளத்தில் விடாமல் மரத்தில் கொண்டுபோய் மோதினார். அந்தப் புண்ணியத்தில் ஒரு உயிரும் போகவில்லை. நிறையப் பேருக்குக் காயம். அவருடைய வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே கம்பெனியிலிருந்து அவருக்கு உத்தரவு போனது. ட்ரைவரின் அஜாக்கிரதையால் விபத்து, பிரேக் பற்றி அவர் எந்தப் புகாரும் கொடுத்ததில்லை, ஆகவே வேலையிலிருந்து நீக்குவதாக டைரக்டர்கள் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம். கூட்டத்துக்குத் தலைமை வகித்தது யார்? தீர்மானத்தை முன்மொழிந்தது யார்? உன் அம்மா. வழிமொழிந்தது உள்ளி உரித்தவள்.

எனக்கு அது எப்படித் தெரியும் என்கிறாயா? சுடலைமுத்துவின் மனைவி பேச்சி அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கதவுக்கு வெளியே நின்றபடி, "இதுல ஒங்க பேரு இருக்குன்னு அவுக சொல்லுதாவ. நா நம்பலம்மா. நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றாள். வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் வரியில் என் பெயர். அந்தத் தாளில் என் பெயரை அடித்தது உன் அப்பா என்பது அடித்த விதத்திலேயே தெரிந்தது, அவருடைய மெஷினில் 'எஸ்' எழுத்து கொஞ்சம் மேலே ஏறி விழும். நான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்: "இது வேற ஆளு பேச்சி. எம் பேரு மாதிரியே இருக்கு." அவள் முகம் தெளிந்துவிட்டது. "நா அப்பமே சொன்னேன்" என்றாள். நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனாள். அந்த மோரை நினைக்கும்போது எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அன்று உன் அப்பாவோடு சண்டை போட்டேன். நான் வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்துக்கு மேலே இதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். அவர் சத்தமே போடவில்லை. "நான் எழுதலன்னா வேற ஒருத்தன் எழுதுவான். அண்ணாச்சி சொன்னாவ, எழுதினேன்" என்றார். சரி, அண்ணாச்சியே அவர் பெயரில் எழுதிக்கொள்ளட்டுமே என்றேன். அதற்குச் சிரித்தார். "அவுகதான் அந்தக் கம்பெனியிலயே இல்லியே. இருவதுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுதே" என்றார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஒரு ஆள் இத்தனை நாற்காலியில்தான் உட்காரலாம் என்று சட்டம் போட்டவர்கள், உட்கார்ந்தால் கவனிக்க வேண்டும், கவனிக்க முடியாத அளவுக்கு உட்காராதே என்ற எண்ணத்தில் போட்டிருப்பார்கள். இருபதே அதிகம் என்பேன். நாலு அடுப்பை ஒரே நேரத்தில் எரியவிட்டால் ஒன்றிலாவது அடிப்பிடிக்கும், எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அண்ணாச்சிக்கு அந்தச் சட்டம் நஷ்டமாக வரவில்லை, வரமாக வந்தது. முன்பெல்லாம் இருபத்தேழு இடத்திலும் அவர் தலைக்குத்தான் பழி வரும். சட்டம் வந்தபிறகு இருபத்தொன்றாவது நாற்காலியிலிருந்து ஆள்வதும் அவர், பழிக்கு உட்கார்ந்திருப்பது நான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்களே, அதைக் காகிதத்தில் டைப் அடித்து ரிஜிஸ்டர் செய்து வைத்திருந்தார்கள்.

யூனியன்காரர்கள் மதுரையில் தொழிலாளர் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ரயிலில் போகும்போது உன் அப்பா எனக்கு இரண்டே விஷயம் சொல்லித் தந்தார். கூட்டம் நடந்தது. புகார் எதுவும் வரவில்லை. "இல்லன்னு சொன்னா பொய் மினிட் எழுதினதுக்கு நான் உள்ள போவேன். பையன் படிப்பு அங்கனயே நின்னுரும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். விருதுநகரில் டீ வாங்கித் தந்தார், குடித்தேன்.

யூனியன் வக்கீல் சின்ன வயசு. "கூட்டத்துல நீங்க சேர்ல இருந்தீங்களா?" என்று கேட்டார். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம், எனக்கு அது தெரியாது. "ஆமா, நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன்" என்றேன். கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. "எந்த மாதிரி நாற்காலிம்மா?" என்றார். பிரம்பு நாற்காலி என்றேன். ஐயா, அந்தக் கையெழுத்தைப் போட்ட அன்று நான் உட்கார்ந்திருந்தது அரிவாள்மனையில். பங்களாவில் பிரம்பு நாற்காலி உண்டா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது, முன்பக்கம் நான் போனதே இல்லை. அடுத்து அவர் கேட்டார்: "பிரேக் பற்றி ட்ரைவர் எழுதிக் கொடுத்த கடிதம் எதையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" சுடலைமுத்து எதிரே ஊன்றுகட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்த மனுஷன். "பார்த்ததில்லை" என்றேன். சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன். அவர் என்னை முறைப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னை அந்த நிலையில் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

வழக்கு தோற்றது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அண்ணாச்சியை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. அவர் அந்தக் கம்பெனியில் இல்லையே. அடுத்த தீபாவளிக்கு எனக்கு ஒரு பட்டுச்சேலை வந்தது. மயில்கழுத்து நிறம். நீ பட்டம் வாங்கிய அன்று நான் கட்டிக்கொண்டு வந்தது அந்தச் சேலைதான். 'அம்மா நல்லா இருக்கீங்க' என்று நீ சொன்னாய்.

உன் அப்பாவைப் பற்றி இதையெல்லாம் படிக்க உனக்குக் கசக்கும். எனக்கும் எழுதக் கசக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. குடியில்லை, சீட்டில்லை, எனக்குக் காய்ச்சல் என்றால் அவரே கஞ்சி வைப்பார். ஆனால் சொன்னதை எழுதுகிறவர். கடைசி வருஷம் படுக்கையில் இருந்தபோது சுடலைமுத்துவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். செத்தபிறகு நானாவது போயிருக்கலாம். மூன்று வருஷம் ஆயிற்று, போகவில்லை. செத்துப்போனவர் பெயரைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நான் காப்பாற்றியது என் பெயரை.

உன் உறை வந்திராவிட்டால் இன்னும் போயிருக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பிப் போனேன். இலஞ்சி ரோட்டில் சைக்கிள்கடை வாசலில் உட்கார்ந்து பங்க்சர் ஒட்டிக்கொண்டிருந்தார் சுடலைமுத்து. காலை நீட்டித்தான் உட்கார முடிகிறது. பேச்சியைக் கூப்பிடச் சொன்னேன். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னேன்: கூட்டம் நடக்கவில்லை, உங்கள் கடிதத்தை நான் வாங்கினேன், அந்தப் பெயர் என் பெயர்தான். பேச்சி உள்ளே போய்விட்டாள். அவர் டியூபை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே, "இப்ப சொல்லி என்னம்மா, காலு மடங்கவா போகுது" என்றார். பிறகு டியூபைக் கீழே வைத்துவிட்டு, "எழுதிக் குடுப்பியளா?" என்று கேட்டார். "எம் மவன் ட்ரைவரு வேலைக்குப் போனா, அந்தக் குடிகாரப்பய மவனான்னு கேக்குதானுவ. கம்பெனி பஸ்ஸ கவுத்தவன் மவன்னு சொல்லுதானுவ. நான் குடிச்சதே இல்லம்மா. காட்டுததுக்கு ஒரு காயிதம் இருந்தா நல்லாருக்கும்."

எழுதிக் கொடுத்துவிட்டேன். நடந்தது அத்தனையும், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டது, கோர்ட்டில் பொய் சொன்னது, எல்லாம் தமிழில், என் கையால். எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். பொய்ச்சாட்சி சொன்னதற்காக என் மேல் வழக்கு வரலாம் என்று உனக்கு உடனே தோன்றும், நீ சட்டம் படித்தவன். வரட்டும். கல்யாணத்துக்கு முன்னால் வந்தாலும் வரட்டும். மணமகனின் தாயார் என்று என் பெயரைப் பத்திரிகையில் போட உனக்குக் கூச்சமாக இருந்தால் எடுத்துவிடு. அதுவாவது பொய் இல்லாமல் எடுத்த பெயராக இருக்கும்.

உன் முதலாளி எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. நல்லவராகவே இருக்கட்டும். நல்லவர் ஏன் தன் நாற்காலியில் தான் உட்காராமல், நம் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணைத் தேடுகிறார் என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, எங்கே இருக்கிறது, அதில் யார் கை யந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, இதில் ஒன்றைக்கூட நீ கடிதத்தில் எழுதவில்லை. நம்பிக்கையான ஆள் என்று உன்னைச் சொன்னாராம். உன் அப்பாவையும் அப்படித்தான் சொன்னார்கள். நம்பிக்கையான ஆள் என்றால் கேள்வி கேட்காத ஆள் என்று அர்த்தம். ஒவ்வொரு முதலாளிக்கும் அந்த வார்த்தை எப்படியோ தெரிந்துவிடுகிறது. உன் அப்பா முதலில் என்னை மாட்டிவிட்டார், பிறகு தன்னைக் காப்பாற்ற என்னைப் பொய் சொல்ல வைத்தார். நீ அதையே கல்யாணத்துக்கு முன்னால் தொடங்குகிறாய். அவருக்காவது எட்டுப் பேர் சாப்பிடும் வீடு இருந்தது. உனக்கு என்ன அவசரம்?

என் தாளைக் கிழித்துவிட்டேன். கோமதியின் தாளைக் கிழிக்கவில்லை. அது அவளுடையது, அவளுக்கு வந்தது, அதைக் கிழிக்க எனக்கு உரிமை இல்லை. நேற்று பஸ் ஏறிச் சிவகிரிக்குப் போனேன். அண்ணன் வயலுக்குப் போயிருந்தான். அவளை அறையில் உட்கார வைத்துத் தாளைக் கையில் கொடுத்தேன். உனக்கு எழுதிய இந்தக் கடிதத்தில் இதற்கு மேலே உள்ள அத்தனை பக்கத்தையும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். உறையை ஒட்டாமல் கொண்டு போனது அதற்குத்தான். ஒரு மணி நேரம் படித்தாள். நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. தாளில் நீ போட்ட பென்சில் குறியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அத்தை, இந்தக் கையெழுத்தால என்ன வரும்னு தெரியாம அத்தான் அனுப்பியிருக்காவளா, இல்ல, தெரிஞ்சேதான் அனுப்பியிருக்காவளா?"

உனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். உனக்காக இன்னொரு பொய்யாக ஆகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவள் அந்தத் தாளை மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். மிச்சத்தை வீட்டுக்கு வந்து எழுதி முடிக்கிறேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்கு எழுது. பத்திரிகை அச்சுக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

அம்மா